தனித்தேர்வர்கள் ஆறு பேர்

என் தையல் கடைக்கு நேர் எதிரே பள்ளிக்கூடத்து வாசல். வாசல் தூணில் ஒரு பலகை: ‘பன்னிரண்டாம் வகுப்பில் தொடர்ந்து பதினோராவது ஆண்டாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி.’ வருஷா வருஷம் பெயின்டர் வந்து அந்த ‘பதினோராவது’ போன்ற சொல்லை மட்டும் சுரண்டிவிட்டு அடுத்ததை எழுதிவிட்டுப் போவார். காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் என் கண்ணில் படுவது அதுதான். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவள் நான். என் மகளும் அங்கேதான் படித்தாள். அந்தப் பலகையைப் பார்த்து நானும் பெருமைப்பட்டவள்தான், மறைப்பானேன்.

அந்த நூறு எப்படி வருகிறது என்பது இந்த ஜனவரியில்தான் எனக்குத் தெரிந்தது.

என் மகளுக்கு அக்டோபரில் மஞ்சள் காமாலை. ஆறு வாரம் படுக்கை. எழுந்து போய் அரையாண்டுத் தேர்வு எழுதினாள். மூன்று பாடத்தில் போய்விட்டது, இயற்பியலில் படு மோசம். ஜனவரி முதல் வாரத்தில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில் எனக்கு முன்னால் நான்கு பிள்ளைகளின் வீட்டார் வரிசையில் நின்றிருந்தார்கள். எல்லோர் முகமும் கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவர்கள் முகம் மாதிரி இருந்தது.

“டெய்லரம்மா, பயப்படாதீங்க. பொண்ணு தனித்தேர்வரா எழுதட்டும். அதே பரீட்சை, அதே கேள்வித்தாள். இங்க இருந்தா அவளுக்கு டென்ஷன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார்.

உங்க நல்லதுக்கு என்று யாராவது ஆரம்பித்தால் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவள் நான். அன்றைக்கு ஏனோ பேனாவைப் பிடித்துக்கொண்டேன். துணியை மூன்று தடவை அளக்காமல் கத்திரி வைக்க மாட்டேன். அந்தத் தாளை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நகலை என் மகள் வாசித்துக் காட்டினாள். ‘என் மகளை என் சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன்.’

“சொந்த விருப்பமாம்மா?” என்று கேட்டாள்.

நகலை வாங்கி அப்போதுதான் நானே ஒரு தடவை படித்தேன். பரீட்சையில் கோட்டை விடக்கூடியவர்களை முன்கூட்டியே கழித்துக் கட்டிவிட்டால், மிச்சம் இருப்பவர்கள் நூற்றுக்கு நூறு தேறாமல் என்ன செய்வார்கள்? பதினோரு வருஷமாக எங்கள் எல்லோர் தலையிலும் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். நானும் தலையைக் குனிந்து காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

கழித்துக் கட்டப்பட்டவர்கள் ஆறு பேர். என் மகள், பேக்கரிக்காரர் மகன், இரட்டைப் பெண்கள் இருவர், ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடப்படும் ஒரு நெட்டைப் பையன், அப்புறம் அரைப்பக்கம். அரைப்பக்கம் என்பது ஒரு பெண்ணின் பட்டப்பெயர். மூன்று பக்கம் கட்டுரை எழுதச் சொன்னாலும் அவள் அரைப்பக்கத்தில் முடித்துவிடுவாள். ‘அவ்வளவுதானே விஷயம்’ என்பாள். மொழிப்பாட ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். மொழிப்பாடத்தில் அவள் தேறுவாளா என்று சந்தேகம் வந்ததால்தான் அவளையும் வரிசையில் நிறுத்தினார்கள்.

போக வேறு இடமில்லாததால் ஆறு பேரும் என் கடைக்கு வந்தார்கள். வெட்டுமேசையைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். சென்ற வருஷத்துப் பட்டமளிப்பு கவுனுக்கு வாங்கி மிஞ்சிப்போன கறுப்புத் துணியை நானே சுவரில் இழுத்து ஆணியடித்துக் கொடுத்தேன். துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டி என்னிடம் பெட்டி பெட்டியாக இருக்கிறது. கரும்பலகை தயார். ஒருவருக்குத் தெரிந்ததை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. பேக்கரிக்காரர் மகனுக்கு வேதியியல் கைவந்த கலை. இரட்டையர் கணக்கு. ஒட்டடைக்குச்சி இலக்கணத்தை நடித்தே காட்டுவான். இயற்பியல், அரைப்பக்கம்.

அவள் பாடம் எடுப்பதை நான் பட்டன் தைத்தபடியே கேட்டிருக்கிறேன். நீட்டி முழக்க மாட்டாள். என் தையல் மெஷின் முன்னால் என் மகளை உட்காரவைத்து, கீழே இருக்கும் பெரிய சக்கரத்திலும் மேலே இருக்கும் சின்னச் சக்கரத்திலும் சாக்குக்கட்டியால் ஒவ்வொரு புள்ளி வைத்தாள்.

“மெதுவா மிதி. பெருசு ஒரு சுத்து வர்றதுக்குள்ள சின்னது எத்தனை சுத்து?”

“நாலு.”

“பெல்ட் ஓடுற வேகம்?”

என் மகள் யோசித்தாள். “ரெண்டுக்கும் ஒண்ணுதான்.”

“அப்ப புக்குல ரெண்டு பக்கம் என்னத்தை எழுதியிருக்கான்?”

அவ்வளவுதான் பாடம். இஸ்திரிப்பெட்டியை வைத்து மின்தடை, கத்திரியை வைத்து நெம்புகோல். இருபது வருஷமாகத் தடித்த துணியைக் கத்திரியின் அடிப்பக்கத்தில் கொடுத்து வெட்டுகிறேன். ஏன் அப்படி வெட்டுகிறேன் என்று எனக்கே அந்தப் பெண்தான் சொன்னாள். இடையில் என் வாடிக்கையாளர்கள் யாராவது வந்து ரவிக்கைக்கு அளவு கொடுத்தால், அந்த நேரத்தில் பிள்ளைகள் எல்லோரும் வாசலில் போய் நின்றுகொண்டு சூத்திரங்களைக் கத்துவார்கள். தெருவே பாஸ் பண்ணியிருக்க வேண்டும்.

மே மாதம் முடிவு வந்தது. என் மகளுக்கு இயற்பியலில் நூற்றுக்கு நூறு. மாவட்டத்திலேயே அவள் ஒருத்திதான். நான்கு பேர் நல்லபடி தேறினார்கள். அரைப்பக்கத்துக்கு இயற்பியலில் தொண்ணூற்றாறு, மொழிப்பாடத்தில் நான்கு மதிப்பெண் குறைந்து பெயில். முடிவைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, “கட்டுரைல வெட்டிட்டான்” என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் சுவரில் இருந்த கறுப்புத் துணியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் தலைமையாசிரியை தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தார். நான் இங்கே கடை வைத்த பதினாறு வருஷத்தில் முதல் தடவை. ஆள் விட்டுத்தான் என்னைக் கூப்பிடுவாரே தவிர, தானாக வந்தவர் இல்லை. நின்றபடியே என் மகளின் கன்னத்தைத் தட்டினார்.

“மாவட்டத்துலயே முதல்! நம்ம ஸ்கூல் பேரைக் காப்பாத்திட்டே. வாசல்ல பெரிய பேனர் வைக்கப்போறோம். ஒரு நல்ல போட்டோ குடு. பட்டமளிப்பு விழாவுல நீதான் முதல்ல மேடை ஏறணும்.”

என் மகள் ஒரு சட்டையின் பட்டன் துளைகளுக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தவில்லை.

“நான் உங்க ஸ்கூல் இல்லையே மேடம். தனித்தேர்வர்.”

“அதெல்லாம் பேப்பர்லதானேம்மா. நீ என்னைக்கும் நம்ம பொண்ணுதான்.”

“அப்ப மத்த அஞ்சு பேரு?”

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். பெற்றவள் தலையிட்டு அடக்குவாள் என்று எதிர்பார்த்திருப்பார். நான் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“பட்டியல்ல பேர் இருக்கிறவங்களைத்தான் மேடைக்குக் கூப்பிட முடியும்” என்றார்.

“என் பேரும் பட்டியல்ல இல்ல மேடம்.”

“உன் பேரைச் சேத்துக்கலாம்.”

“அப்ப அவங்க பேரையும் சேத்துக்கலாமே.”

“அதுல ஒருத்தி பெயில்மா. அவளையும் சேத்தா பலகைல நூறுன்னு எப்படி எழுதுறது? உன் விஷயம் வேற, அவங்க விஷயம் வேற.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “தேறுனா உங்க பொண்ணு, தேறலன்னா எங்க சொந்த விருப்பமா?” என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

தலைமையாசிரியை கோபப்படவில்லை. மேசைமேல் அடுக்கியிருந்த சீருடைத் துணியை விரலால் தடவிப் பார்த்தார். “அடுத்த வருஷச் சீருடை ஆர்டரும் பேசணும், டெய்லரம்மா. இப்ப நிறையப் பேர் கேக்கிறாங்க” என்றார். குரலில் தேன். என் கடையில் பாதி வேலை அந்தச் சீருடைதான் என்று எனக்கு மட்டுமா தெரியும்?

‘உங்க ஆர்டரை நீங்களே வெச்சுக்குங்க’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மகள் எழுந்து நின்றாள்.

“சரி மேடம். வர்றேன். ஆனா விழாவுல நன்றியுரை நான்தான் சொல்லுவேன்.”

அவருக்கு முகமெல்லாம் பல். “நன்றியுரைதானே? தாராளமா! தமிழ் டீச்சர் எழுதித் தருவாங்க, அப்படியே படிச்சிடு.” அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் இருக்காதா? நன்றியுரை சொல்ல ஆள் பிடிப்பதுதான் எந்த விழாவிலும் பெரும்பாடு. யாரும் கேட்பதில்லை. அந்த நேரத்தில்தான் சனம் நாற்காலியை நகர்த்தும், செருப்பைத் தேடும், பிள்ளையைத் தேடும்.

அவர் தெருவைத் தாண்டி உள்ளே போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போனதும் பிடித்துக்கொண்டேன். “ஏன்டி, உனக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாதா? ஜனவரில உன்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுனவங்க. பேனர்னு சொன்னதும் பல்லை இளிச்சிட்டுப் போறே?”

“அம்மா, அந்த மேடைல யாரோட பேரையெல்லாம் சொல்லுவாங்க?”

“பட்டியல்ல இருக்கிறவங்க பேரை.”

“யாரு படிப்பாங்க?”

“மேடம்தான். அதுக்கென்ன இப்ப?”

“நன்றியுரைக்கு ஏதும்மா பட்டியல்? மைக் கைக்கு வந்துட்டா யாருக்கு வேணும்னாலும் நன்றி சொல்லலாம். பேரைச் சொல்லி மேல கூப்பிடலாம். என்னைக் கூப்பிட்ட அதே மேடைக்கு.”

நான் உட்கார்ந்துவிட்டேன். பெற்றவள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்க, அவள் மறுபடியும் காஜா போட ஆரம்பித்தாள்.

“ஆர்டர் போயிடும்டி” என்றேன்.

“போயிடும்மா.”

நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு கால்சட்டைக்கு அடிமடிப்பு முழுவதும் ஓட்டி முடித்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஜனவரியில் கையெழுத்துப் போட்ட இந்தக் கைக்கு இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்றும் தோன்றியது. “போனாப் போகட்டும். ஊர்ல எல்லாரும் துணி உடுத்திட்டுத்தானே நடக்கிறாங்க” என்றேன்.

கவுன் வேலை தொடங்கியது. பட்டமளிப்பு விழா என்று பெயரே தவிர, பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏது பட்டம்? கறுப்பு கவுன், தட்டைத் தொப்பி, கையில் ரிப்பன் கட்டிய ஒரு சுருள் தாள். அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கொள்ளை ஆசை. பட்டியலில் இருந்த நாற்பது பேருக்கும் என் மகளுக்குமாக நாற்பத்தொன்று பள்ளிக்கூடம் கேட்டது. நான் கூடுதலாக நான்கு வெட்டினேன்.

என் மகள் தைத்து மடித்து வைத்ததை எண்ணிப் பார்த்தாள்.

“அஞ்சு வேணுமேம்மா.”

“நாலுதான். பேக்கரிப் பையன், ரெட்டைப் பொண்ணுங்க, ஒட்டடைக்குச்சி.”

“அவளுக்கு?”

“அவ பாஸ் பண்ணலையேடி. பாஸ் பண்ணாதவளுக்கு எப்படி கவுன் போடுறது? பாத்தா சிரிக்க மாட்டாங்க?”

என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இதைத்தான் மேடமும் சொன்னாங்க.”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. ‘உன் விஷயம் வேற, அவங்க விஷயம் வேற.’ கடை வாசலில் நின்று ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தினவள், உள்ளே வந்து அதே கத்திரியை எடுத்து அதே கோட்டில் வெட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் பெண்ணுக்கு நூறு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். அதை இந்தக் கடைக்குள் என்னைவிட நன்றாகப் பார்த்தவர் யார்?

மறுநாள் அரைப்பக்கம் வந்தபோது அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். தோளில் வைத்ததும் விலகிக்கொண்டாள்.

“எனக்கு வேண்டாம் அத்தை.”

“ஏன்டியம்மா? நான் முதல்ல வெட்டலைன்னு கோபமா?”

“இல்ல. நான் பாஸ் பண்ணல. போட்டா பொய். செப்டம்பர்ல மறுபடி எழுதுறேன், அப்ப தெச்சுக் குடுங்க.”

“அப்ப மேடைக்கு வர மாட்டியா?”

அவள் என் மகளைப் பார்த்தாள். “இவ கூப்பிட்டா வருவேன். கவுன் இல்லாம வருவேன்.”

அதற்குமேல் அவளிடம் பேச முடியாது. அரைப்பக்கம் முடிந்துவிட்டது.

விழா அன்று காலையில் பள்ளிக்கூட வாசலில் என் மகள் பனைமர உயரத்துக்கு பேனரில் நின்றாள். ‘எங்கள் பள்ளியின் பெருமை.’ மூக்கைக் கொஞ்சம் சப்பையாக அச்சடித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தார். நன்றியுரைத் திட்டத்தை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் மனிதருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். பேனரை நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார்.

அரங்கத்தில் முன்வரிசைகளில் என் மகளையும் சேர்த்து நாற்பத்தொரு கறுப்பு கவுன்கள். எல்லாம் என் கையால் தைத்தவை. பின்னால் பெற்றோர். பெற்றோருக்கும் பின்னால், கடைசி வரிசையில் அந்த ஐந்து பேர். நால்வர் மடியில் பை, பைக்குள் கவுன். அரைப்பக்கம் வெளிர்நீலச் சுடிதாரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், அதனால் வாசலில் காவலாளி ஒன்றும் கேட்கவில்லை.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அவர் இளமையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை முக்கால் மணி நேரம் சொன்னார். அப்புறம் தலைமையாசிரியை பட்டியலைப் பிரித்தார். முதல் பெயர் என் மகளுடையது. அவள் மேடை ஏறினாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்த மேடையையும் அந்த அம்மாளையும் எத்தனையோ நாள் கரித்துக் கொட்டியவள்தான் நான். ஆனாலும் என் பிள்ளையின் பெயரை அங்கே கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை தட்டினேன், பலமாகவே தட்டினேன். அடுத்த நொடியே, பின்வரிசையில் இருக்கும் ஐந்து பேரின் அம்மாக்களுக்கும் இதே கண்ணும் இதே கையும்தானே என்று நினைத்தேன்.

மற்ற நாற்பது பேரும் ஏறி, சுருள் தாள் வாங்கி, இறங்கி உட்கார்ந்தார்கள். “இப்போது நன்றியுரை” என்று அறிவித்தார்கள். சொல்லி வைத்தாற்போல நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. என் வீட்டுக்காரரே செருப்புக்குள் காலை நுழைத்தார்.

என் மகள் கையில் தமிழ் ஆசிரியை எழுதிக் கொடுத்த தாள். சிறப்பு விருந்தினருக்கு நன்றி, தலைமையாசிரியைக்கு நன்றி, பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலி எல்லாவற்றுக்கும் நன்றி. தாளை மடித்து ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“கடைசியா, என்னோட ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லணும். ஜனவரிக்கு அப்புறம் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவங்க இந்த ஹால்லதான் இருக்காங்க. ஒவ்வொருத்தரா மேடைக்கு வரணும்னு கேட்டுக்கிறேன்.”

தலைமையாசிரியை புன்னகையோடு தலையசைத்தார். ஆசிரியர்கள் வரிசையில் ஒருவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வேதியியல்” என்று சொல்லி, என் மகள் பேக்கரிக்காரர் மகனின் முழுப் பெயரையும் சொன்னாள்.

கடைசி வரிசையில் அவன் எழுந்தான். பையிலிருந்து கவுனை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டு நடுவழியில் நடந்து வந்தான். நகர்ந்துகொண்டிருந்த நாற்காலிகள் நின்றன. அவன் மேடை ஏறியதும் சிறப்பு விருந்தினர் எழுந்து கை குலுக்கினார். பாவம், அவருக்கு யார் எவர் என்று என்ன தெரியும்?

“கணக்கு” என்றாள். இரட்டையர் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். விருந்தினர் அவர்களுக்கும் கை குலுக்கினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர்கள் யாரென்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியையின் புன்னகை உதட்டில் அப்படியே காய்ந்தது. அவர் எழுந்து, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

“இலக்கணம்” என்று சொல்லி, ஒட்டடைக்குச்சியின் பெயரைப் பாதி சொல்வதற்குள் ஒலிபெருக்கி செத்துப்போனது. அவன் பாதிப் பெயருக்கே எழுந்துவிட்டான். ஏணி நடந்து வருவதுபோல வந்து மேடை ஏறினான். கவுன் அவனுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. அவன் வளர்ந்துகொண்டே இருந்தால் நான் என்ன செய்வேன்?

“என்ன பண்றா இவ?” என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

“நன்றி சொல்றா. பேசாம இருங்க.”

என் மகள் செத்த ஒலிவாங்கியை விட்டு விலகி மேடையின் விளிம்புக்கு வந்தாள். கையிரண்டையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு கத்தினாள்.

“இயற்பியல்! என்னோட நூத்துக்கு நூறு அவங்க குடுத்தது!” அரைப்பக்கத்தின் நிஜப் பெயரைச் சொன்னாள்.

“அந்தப் பொண்ணு பெயில்!” என்று தலைமையாசிரியை சத்தம் போட்டார். ஒலிபெருக்கி இல்லாமலே அது பின்வரிசைவரை கேட்டது.

“ஆமா மேடம், பெயில். மொழிப்பாடத்துல நாலு மார்க் கம்மி. எனக்கு இயற்பியல் டீச்சர் அவங்கதான்.”

அரைப்பக்கம் எழுந்தாள். நடந்தாள். யாரும் கை தட்டவில்லை. மற்ற நால்வருக்காவது கவுன் இருந்தது, தேர்ச்சி இருந்தது. இவளுக்கு ஒரு வெளிர்நீலச் சுடிதார் மட்டும். அவ்வளவு பெரிய அரங்கத்தில் அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. யாராவது ஒருத்தர் சிரித்துவிட்டால்கூட அந்தப் பிள்ளை உடைந்துபோய்விடும் என்று எனக்குப் பதறியது. அப்படி எவராவது சிரித்தால் எழுந்துபோய்ச் சண்டைக்கு நிற்பது என்று முடிவு செய்து, முந்தானையைக்கூட இழுத்துச் செருகிவிட்டேன். ஆசிரியர்கள் வரிசையில் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் படியில் ஏறி மேடையில் கால் வைத்தாள்.

முன்வரிசை கவுன்களில் ஒருத்தி எழுந்து நின்றாள். வகுப்புத் தலைவி அவள். ஜனவரியில் ஆறு இருக்கைகள் காலியானபோது அந்த வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, இவளும்தான். எதற்காக எழுந்தாள் என்று எனக்குப் புரிவதற்குள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். அப்புறம் அந்த வரிசை எழுந்தது. அதற்கடுத்த வரிசை எழுந்தது. பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு பாடவேளைக்கும் எழுந்து எழுந்து பழகிய கால்கள். நாற்பது பேரும் நின்றார்கள். நாற்பது தொண்டையும் ஒன்றாக, ஒன்றாம் வகுப்பிலிருந்து பாடி வந்த அதே இழுவையில் பாடின:

“வ... ணக்... கம் டீச்... சர்!”

அதற்கு ஒலிபெருக்கி எதற்கு? வாசல் பேனர்வரை கேட்டிருக்கும்.

அரைப்பக்கம் நின்றுவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. அழுதுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, அந்த நாற்பது பேரையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

“வணக்கம். எல்லாரும் உக்காருங்க.”

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சிறப்பு விருந்தினர் உட்கார்ந்தார். ஒலிபெருக்கிக்காரரை நோக்கித் தூக்கிய கையோடு நின்றிருந்த தலைமையாசிரியையும் உட்கார்ந்தார்.